அனுமதி பெறாத பெருக்கி

நான் ஓய்வு பெற்ற பிறகு இந்த நிகழ்ச்சி நம் அலைக்கற்றைக் கண்காணிப்பு அலுவலகத் தேநீர் வேளைகளில் நன்றாக வளர்ந்திருப்பதாக அறிகிறேன். வலங்கைமான் பக்கத்து நெல் கொள்முதல் நிலையம் ஒன்றில் ஒரு பெண்மணியின் துடைப்பத்தை நான் பறிமுதல் செய்து அதற்கு அரக்கு முத்திரை வைத்தேன் என்பது இப்போது வழங்கும் ஒரு பாடம். அவரையே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் அலைவெண் அளந்தேன் என்பது இன்னொரு பாடம். புதிதாகப் பணியில் சேர்ந்த ஒருவர், நான் யாரென்று அறியாமல், இரண்டாவது பாடத்தை என்னிடமே விரிவாகச் சொன்னார். சுவையாகத்தான் சொன்னார். அதில் மெய்யாக இருந்தது ஜீப் மட்டுமே.

ஆகையால், நான் நேரில் கண்டதையும் கேட்டதையும், கருவி காட்டியதையும் தவிர வேறெதுவும் இங்கே வராது. இதை அளவுமீறிய கண்டிப்பு என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நம் தொழில் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். வானத்து அலைகளை அரசு பகுதி பகுதியாகப் பிரித்து, கைபேசி நிறுவனங்களுக்கு ஏலத்தில் உரிமம் தருகிறது. ஒரு நிறுவனத்துக்கு உரிய அலைக்கற்றையில் வேறொருவர் குறுக்கிடுகிறார் என்று நாம் எழுதும் ஒரு வரி, அந்த வேறொருவரின் பொருளைப் பிடுங்கவும் அவரை நீதிமன்றப் படியில் நிறுத்தவும் போதுமானது. அத்தகைய வரிகளையே எழுதிப் பழகிய கை, தேநீர்க் கதைக்காக இளகிவிடாது. எனக்குத் தெரியாதவற்றைத் தெரியாது என்றே இறுதியில் சொல்லிவிடுகிறேன்.

சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த காலம். ஒரு கைபேசி நிறுவனத்திடமிருந்து முறையீடு வந்தது. அவர்களுடைய கோபுரம் ஒன்றின் காதில் ஓயாத இரைச்சல். கோபுரம் பேசுவது கைபேசிக்குக் கேட்கிறது; கைபேசி பேசுவது கோபுரத்துக்குக் கேட்கவில்லை. சுற்றியுள்ள நான்கு ஊர்களில் அழைப்பு பாதியில் அறுகிறது, அல்லது போவதே இல்லை. இத்தகைய இரைச்சலுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கோ ஒருவர், தம் கட்டடத்துக்குள் இணைப்பு சரியில்லை என்று, கடையில் விற்கும் ஒரு பெட்டியை வாங்கி மாட்டியிருப்பார். ஊரார் அதைப் பூஸ்டர் என்பார்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாண மண்டபங்களில், அப்பா தாலி கட்டுவதை வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் தடையின்றிக் காணவேண்டுமே என்று வைத்த பெட்டிகளை நாங்கள் முன்பு கழற்றியிருக்கிறோம். அலைக்கற்றைக்கு உரிமம் பெற்ற நிறுவனம் மட்டுமே வைக்கக்கூடிய கருவி அது. பிறர் வைத்தால் சட்டப்படி குற்றம். தவறாக வைத்தால், தன்னையே கேட்டுத் தானே கத்தி, ஊர்க் கோபுரத்தைச் செவிடாக்கிவிடும்.

என்னுடன் வந்தவர் அன்வர். நாகூர்க்காரர், என்னைவிட மிக இளையவர், திசையறியும் ஆன்டெனாவைக் கையில் பிடித்தால் அவருக்கு இணையில்லை. என் தமிழைக் கேலி செய்வதில் மட்டும் அவருக்குச் சிறிது அக்கறை கூடுதல். அன்று காலை வழியில் ஒருவரிடம் நான், "கைபேசிக் கோபுரம் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவர் சிவன் கோயிலுக்கு வழி சொன்னார். அன்வர் ஜீப்பை மீண்டும் கிளப்பிக்கொண்டே, "சாமி கும்பிட்டுட்டே போயிரலாம் மேடம், வேலை நல்லா நடக்கும்" என்றார்.

முதல் நாள் கருவி எங்களைக் கடைத்தெரு வரை இழுத்துச் சென்றது. கூட்டுறவுக் கடன் சங்கம், நியாயவிலைக் கடை, நெல் கொள்முதல் நிலையம் மூன்றும் அங்கே அடுத்தடுத்து இருந்தன. எது என்று தீர்மானிப்பதற்குள் ஊரில் மின்சாரம் போனது; இரைச்சலும் போனது. மாலைவரை இரண்டும் திரும்பவில்லை. ஆகவே வழக்கப்படி மூன்று இடங்களிலும் அறிவிப்பு ஒட்டிவிட்டுத் திரும்பினோம்.

அந்த அறிவிப்பின் வாசகம் என்னுடையது. அலுவலகத்தில் தந்த வரைவில் "பூஸ்டர்கள்" என்று இருந்தது. தமிழில் சொல் இருக்க இதெதற்கு என்று அதை அடித்துவிட்டு எழுதினேன்:

"அனுமதி பெறாத பெருக்கிகள் இயங்குவது சட்டப்படி குற்றம். அவற்றை உடனே அகற்றுக. தவறினால் பறிமுதல் செய்யப்படும்."

அன்வர் பசையைத் தடவிக்கொண்டே, "பூஸ்டர்னே போட்டிருக்கலாம் மேடம்" என்றார்.

"ஒலிபெருக்கி என்று ஊரெல்லாம் சொல்கிறதே. பெருக்கி மட்டும் புரியாதா?" என்றேன்.

"ஒலியக் கழட்டிட்டீங்களே. அதான் யோசனையா இருக்கு" என்றார் அவர். நான் அதைக் கேலி என்று எண்ணி விட்டுவிட்டேன். அந்தச் சொல்லில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை; இன்றும் அவ்வாறே கருதுகிறேன்.

சில நாள் கழித்து மீண்டும் போனோம். இரைச்சல் முன்னினும் மிகுந்திருந்தது. இம்முறை மின்சாரமும் இருந்தது. ஆன்டெனா வேறெங்கும் பார்க்காமல் கொள்முதல் நிலையத்தையே பார்த்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. களம் முழுவதும் நெற்குவியல்கள். விலைபோகக் காத்திருந்த விவசாயிகள் மாறிமாறி வானத்தையும் கொட்டகையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில், தூங்குமூஞ்சி மரத்தின் கீழ், துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். எங்கள் ஜீப்பைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"நீங்கதானே நோட்டீசு ஒட்டுனவங்க?"

"ஆமாம்மா."

"அப்ப வண்டில ஏறிக்கவா? பறிமுதல் பண்ணுவோம்னு போட்டிருக்கீங்களே. வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்வருக்கு விளங்கிவிட்டது. அவர் ஆன்டெனாவைச் சரிபார்ப்பவர்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

அந்தப் பெண்மணியின் பெயர் அஞ்சம்மாள். நெல்லைத் தூற்றி எடைபோடும் இடத்தில் சிந்தும் மணிகளைப் பெருக்கிக் குவியலில் சேர்ப்பது அவர் வேலை. நிலையத்தின் பணியாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பருவந்தோறும் வருவார், பெருக்குவார், கூலி பெறுவார். அறிவிப்பு ஒட்டிய மறுநாளே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அனுமதி பெறாத பெருக்கி என்று அந்த நிலையத்தில் வேறு யார் இருந்தார்கள்?

"அம்மா, நான் எழுதியது கருவியைப் பற்றி" என்றேன். "மனிதரைப் பற்றியிருந்தால் ‘அவர்களை அகற்றுக’ என்று எழுதியிருப்பேன். ‘அவற்றை’ என்றல்லவா எழுதியிருக்கிறேன்?"

அஞ்சம்மாள் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "எங்கள அது இதுன்னு எழுதுறது புதுசாங்க மேடம்?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார்போலிருந்தது. நான் கொட்டகைக்குள் போனேன்.

நிலையப் பொறுப்பில் இருந்த பட்டியல் எழுத்தர் குமரேசன் எழுந்து நின்று வரவேற்றார். முப்பது வயதிருக்கும். நம் அறிவிப்புகளைப் படிப்பவர் உண்டா என்று நீங்கள் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்கிறீர்களே. இதோ, படித்து, உடனே பணிந்தவர் ஒருவர்.

"மேடம், நோட்டீசப் பாத்ததுமே நடவடிக்கை எடுத்துட்டேங்க. இங்க பெருக்குறது ஒருத்தங்கதான். அனுமதி கிடையாது. நிறுத்தியாச்சு" என்றார்.

அவர் தலைக்கு நேர்மேலே, சுவரில், சந்தனப் பொட்டு வைத்த ஒரு பெட்டி பச்சை விளக்கோடு இயங்கிக்கொண்டிருந்தது.

"அது என்னங்க?" என்றார் அன்வர், மிகுந்த பணிவோடு.

"அதுவா, பூஸ்டருங்க. இந்தத் தகரக் கொட்டாய்க்குள்ள சிக்னலே வராது. விவசாயி ரேகை வச்சாத்தான் நெல்ல எடுக்க முடியும். அது இல்லேன்னா ரேகை மிஷினு அசையாது."

"அதுக்கு அனுமதி வாங்குனீங்களா?"

"அதுக்கெதுக்குங்க அனுமதி? கடையில வாங்குனது."

இந்த இடத்தில்தான் தேநீர் வேளையில் எல்லோரும் சிரிக்கிறீர்களாம். நான் சிரிக்கவில்லை, சிரிக்க நேரமும் இருக்கவில்லை. உரிமம் என்றால் என்ன, யாருக்கு உண்டு, அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். கோவிந்தராசு என்ற குத்தகை விவசாயி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்து எடைபோட வேண்டியது அவருடைய குவியல்.

"அதாவது, முறை வச்சுத் தண்ணி பாயுற வாய்க்கால்ல சார் மட்டும் தனியா இஞ்சின் போட்டு எறைச்சிட்டிருக்காரு" என்றார் அவர்.

"இறைக்கவில்லை. மதகடியில் நின்று ஓயாமல் கத்துகிறார். மதகைத் திறக்கச் சொல்லி வேறு யார் கூப்பிட்டாலும் கேட்காது" என்று திருத்தினேன்.

"அட, அப்ப நாலு ஊருக்குப் போன் போகாததுக்குக் காரணம் நீங்கதானா சார்? நான் வேணும்னே போன எடுக்கலன்னு எம் பொஞ்சாதி அறுப்பு ஆரம்பிச்சதுலேருந்து மூஞ்சி குடுத்துப் பேசல. நீங்க வந்து அவகிட்ட சொல்லணும்."

"நெல்லுக்காகத்தாங்க வச்சேன்" என்றார் குமரேசன். முகம் சுருங்கிவிட்டது. அது உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி என்ன செய்வது? உடனே அணைத்துப் பிடுங்க வேண்டியதுதானே என்பீர்கள். பயிற்சி வகுப்பில் மேகம் கறுப்பதில்லை. அணைத்தால் கருவி நிற்கும், கருவி நின்றால் எடை நிற்கும், குவியல்கள் நனையும். மாலைவரை விட்டுவைத்தால், நான்கு ஊர்களில் எவருக்கேனும் ஆம்புலன்ஸ் தேவைப்படும்போது அழைப்பு போகாது. அவர்கள் நம் கண்முன் நிற்பதில்லை. நெல்லும் கோவிந்தராசுவும் நிற்கிறார்கள். கண்முன் நிற்பவர்க்காக, நிற்காதவரை மறந்துவிடும்படி நம்மை எல்லாமே தூண்டும். விட்டுவைக்க எனக்கு அதிகாரம் இல்லை என்பதை அந்நேரத்தில் நினைவுபடுத்திக்கொண்டது பெரிய உதவி.

ஆயினும் பிடுங்குவதற்கு முன் அணைத்துப் பார்க்கலாம் அல்லவா? அன்வரை வெளியே அளக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியின் இணைப்பை எடுத்தேன். இரைச்சல் சட்டென்று விழுந்தது என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார். உள்ளே ரேகைக் கருவி செத்தது. வாசலில் நின்றிருந்த விவசாயிகளிடமிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அதை இங்கே எழுதவேண்டியதில்லை.

"கருவியை வெளியே எடுத்து வாருங்கள்" என்றேன். கோபுரத்துக்கு இப்போது காது கேட்கிறது. தகரக் கூரைதான் தடை. களத்தில் மூட்டைகளை அடுக்கி வைத்த அட்டி ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. குமரேசன் கருவியோடு அதன்மேல் ஏறினார். முதல் முறை திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாவது முறை ரேகை பதிந்தது.

"சார், அங்கயே உக்காந்துக்குங்க. எறங்குனா போயிரும்" என்றார் கோவிந்தராசு. பிறகு விவசாயிகள் ஒவ்வொருவராக அட்டிமேல் ஏறி, ரேகை வைத்து, இறங்கினார்கள். தேர்மேல் இருக்கும் சாமியைப்போல் குமரேசன் மேலேயே இருந்தார். தராசும் தூற்றும் இயந்திரமும் ஓட்டமாக ஓடின.

ஓட்டத்தில் நெல் சிந்தியது. பெருக்க ஆளில்லாததால் முன்பே சிந்திக் கிடந்ததோடு இதுவும் சேர்ந்து காலில் மிதிபட்டது. மழை விழுந்தால் அத்தனையும் சேறு.

"அஞ்சம்மாள உள்ள விடுங்க சார்" என்று நாலைந்து பேர் கேட்டார்கள்.

அஞ்சம்மாள் வாசலிலேயே நின்றார். அவர் நெல்லைப் பார்க்கவில்லை. அட்டிமேல் இருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று உள்ளே விடாவிட்டால் இந்தப் பருவம் முழுவதற்கும் வேறு ஆள் வந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். குமரேசனுக்கும் தெரியும்.

"பெருக்கச் சொல்லுங்கள்" என்றேன். "அறிவிப்பு அவரைப் பற்றியதன்று."

"எழுத்துல குடுங்க மேடம். நோட்டீசு எழுத்துல இருக்கு. சட்டப்படி குத்தம்னு இருக்கு. நாளைக்கு ஆடிட்டுல கேட்டா, மேடம் வாயால சொன்னாங்கன்னு சொல்ல முடியுங்களா?"

மேலிருந்து அவர் இதைச் சொன்னபோது, அவரைத் திட்டலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவர் கேட்டதில் தவறு என்ன? எழுத்தால் வந்ததை எழுத்தால் நீக்கச் சொல்கிறார். நான் சொல் சரியா என்று பார்த்தேனே தவிர, அந்தச் சொல்லில் முன்பே யார் குடியிருக்கிறார் என்று பார்க்கவில்லை. குமரேசனோ தாம் படித்ததற்கேற்ப நடந்துகொண்டார்.

பறிமுதல் குறிப்பு எழுதும் தாளில் ஒன்றை எடுத்து, ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து எழுதினேன். அஞ்சம்மாள் அருகில் வந்து நின்றார். அன்வர் தாளின் ஓரத்தைக் காற்றுக்குப் பிடித்துக்கொண்டார்.

"மேற்படி அறிவிப்பில் பெருக்கி என்றது கைபேசி அலைகளை மிகுவிக்கும் மின்கருவியையே. இந்நிலையத்தில் சிந்திய நெல்லைப் பெருக்கும் திருமதி அஞ்சம்மாள் அத்தகைய கருவி அல்லர்."

அன்வர் தாழ்ந்த குரலில், "‘அல்ல’ன்னு போட்டாலே போதும் மேடம். மழை வருது" என்றார்.

"போதாது" என்றேன். அல்ல என்பது அஃறிணைக்கு. இவருக்கு அல்லர்.

அஞ்சம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்து, அந்த இடத்தில் விரலை வைத்தார். "இது என்னங்க, ‘ர்’ ஒண்ணு சேத்திருக்கீங்க?"

"மனுஷங்களுக்கு அது வரும்மா" என்றேன், அவர் பேச்சிலேயே.

"அப்ப இருக்கட்டும்" என்றார்.

அடுத்த வரியாக, "அவர் அலைக்கற்றை எதனையும் பயன்படுத்துபவரும் அல்லர்" என்று எழுதினேன். ஐயம் அறவே நீங்கட்டும் என்பது என் எண்ணம். அதையும் அவர் படித்தார்.

"மேடம், எம் மவன் சிங்கப்பூர்லேருந்து பேசுறானே, அது எதுல வருது?"

இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்துக் காட்டினார். அன்வர் இம்முறை திரும்பிக்கொள்ளக்கூட இல்லை. அந்தப் பெண்மணி சொன்னது முற்றிலும் சரி. நாள்தோறும் அலைக்கற்றையைப் பயன்படுத்துபவர் அவர். ஒரு பொய்யை அரசுத் தாளில் எழுதப் பார்த்திருக்கிறேன். ஆனால் கைபேசி வைத்திருப்பவருக்குத் தனி உரிமம் தேவையில்லை. நிறுவனத்தின் உரிமத்துக்குள் அவரும் அடக்கம். ஆகவே அந்த வரியை அடித்து, "அவர் தனியே உரிமம் எதுவும் பெறவேண்டியவர் அல்லர்" என்று மாற்றி, கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.

தாள் அட்டிமேல் ஏறியது. குமரேசன் ஒருமுறைக்கு இருமுறை படித்தார். முகம் தெளிந்தது.

"சரியாப் போச்சுங்க மேடம். தனியா உரிமம் எதுவும் வேணாம்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. இனிமே இங்க பெருக்குறதுக்கு அனுமதியெல்லாம் யாரும் கேக்க முடியாது. அஞ்சம்மா, வாங்க."

நான் எழுதியது அலைக்கற்றை உரிமத்தைப் பற்றி. அவர் படித்தது பெருக்கும் உரிமத்தைப் பற்றி. திருத்துவதற்காக என் வாய் திறந்துவிட்டது. அஞ்சம்மாள் அதற்குள் களத்தில் இறங்கியிருந்தார். அவருடைய துடைப்பம் தராசடியைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். என் பணிக்காலத்தில் ஒரு தவறான பொருள்கோளைத் தெரிந்தே விட்டது அந்த ஒருமுறைதான். நீங்கள் இதைப் பின்பற்ற வேண்டும் என்று சொல்லமாட்டேன். வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன்.

அவர் தராசடியைப் பெருக்கி முடித்து, மணிகளைக் கோவிந்தராசுவின் குவியலில் சேர்த்ததைக் கண்டேன். பெட்டியைக் கழற்றி முறைப்படி முத்திரை வைத்தேன், துடைப்பத்துக்கு வைக்கவில்லை. பெட்டியின் நிமித்தம் துறை எடுத்த நடவடிக்கை எச்சரிக்கையோடு முடிந்தது. நிறுவனத்துக்கு நாங்கள் எழுதியதன்பேரில், அவர்களே தம் உரிமத்துக்கு உட்பட்டு அந்தக் கொட்டகைக்கு ஏற்ற கருவியை அமைத்ததாக எழுத்தில் தெரிவித்தார்கள். இவ்வளவும் எனக்கு உறுதியாகத் தெரிந்தவை.

தெரியாதவை சில உண்டு. அந்தப் பெட்டியைக் குமரேசனுக்கு விற்றவர் யார் என்று தெரியாது. கும்பகோணத்துக் கடை என்பதற்குமேல் அவரால் சொல்ல இயலவில்லை. நாங்கள் புறப்படும்போது தூறல் விழுந்தது. பிறகு பெருமழையாயிற்றா, எத்தனை குவியல் தப்பியது என்று தெரியாது. ஒரு மனிதரைக் கருவி அல்லர் என்று சான்றளிக்க என் பதவிக்கு அதிகாரம் இருந்ததா என்று தெரியாது; எவரும் கேட்கவில்லை. அடுத்த பருவத்தில் அந்த நிலையத்துக்கு வேறு எழுத்தர் வந்தார் என்று அறிகிறேன். அஞ்சம்மாள் அவரிடம் அந்தத் தாளைக் காட்டினாரா, காட்டியிருந்தால் உரிமம் பற்றிய கடைசி வரியை அந்த எழுத்தர் எப்படிப் படித்தார் என்பது எனக்குத் தெரியாது.